ஐந்நூறு மீட்டருக்குள் வந்த மீன்

மகன் ரமணாவுக்குக் கடலில் என்ன வேலை என்று யாராவது கேட்டால் முனிகிருஷ்ணன், "தண்ணியைக் காவல் காக்கறான்" என்பார். கேட்டவர் சிரிப்பார். முனிகிருஷ்ணன் சிரிக்க மாட்டார். அவருக்குத் தெரிந்தவரை அதுதான் வேலை.

காக்கிநாடாவுக்கு அப்பால், கடலுக்குள்ளே, இரும்புக் கால்களின் மேல் ஒரு மேடை நிற்கிறது. கடலுக்கு அடியிலிருந்து அங்கே காஸ் எடுக்கிறார்கள். மேடையைச் சுற்றி ஐந்நூறு மீட்டர் வரை வேறு எந்தப் படகும் வரக்கூடாது என்று சட்டம். அந்த ஐந்நூறு மீட்டரைக் காக்க ஒரு காவல் படகு. அதில் நாலு பேர். கேப்டன், இஞ்சின்காரர், சமையல்காரர், ரமணா. மீன்பிடிப் படகு கிட்டே வந்தால் ரமணா மைக்கைப் பிடித்துத் தெலுங்கில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை "தூரப் போங்க" என்று சொல்ல வேண்டும். இரண்டு பாஷையும் தெரியும் என்பதற்காகத்தான் திருப்பதி ஏஜென்சி அவனைப் பொறுக்கி எடுத்தது. நாராயணவனத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவர்கள் ஊரில் ஆடு மேய்ப்பவன் முதல் எல்லாருக்கும் இரண்டும் தெரியும். அதற்குச் சம்பளம் கொடுப்பார்கள் என்பது ரமணா வேலைக்குச் சேர்ந்த தொண்ணூற்றெட்டாம் வருஷம் வரை ஒருவருக்கும் தெரியாது.

மறுவருஷம் ஐப்பசி பிறந்த மூன்றாம் நாள் ரமணா பையோடு வந்து நின்றான். லீவு வருகிற மாதம் இல்லை. முனிகிருஷ்ணன் கிணற்றடியில் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். நிமிர்ந்து பையைப் பார்த்தார். பிறகுதான் மகனைப் பார்த்தார்.

"இன்னாடா, தொரத்திட்டாங்களா?"

"இன்னும் இல்ல நைனா. விசாரணை வெச்சிகீறாங்க."

"அப்போ தொரத்தப் போறாங்க."

ரமணா மோட்டாருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சொன்னான். அக்டோபர் இரண்டாம் தேதி, உச்சிப்பொழுது. இஞ்சின் செத்துப்போன ஒரு மீன்பிடிப் படகு நீரோட்டத்தில் இழுபட்டு ஐந்நூறு மீட்டருக்குள் வந்துவிட்டது. படகில் ஆறு பேர். ரமணா கேப்டனிடம் சொன்னான். கேப்டன் கயிறு போடச் சொன்னார். கட்டி வெளியே இழுத்து விட்டார்கள். இஞ்சின்காரர் போய் ரிப்பேர் பார்த்துக் கொடுத்தார். படகு போய்விட்டது. மேடைக்கு ரேடியோவில் தகவல் சொல்லியிருக்க வேண்டியவர் கேப்டன். சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, படகு எப்படி உள்ளே வந்தது என்று மேடையிலிருந்து கேட்டார்கள். கேப்டன் எழுதிக் கொடுத்துவிட்டார்: 'எனக்குக் காய்ச்சல், நான் படுத்திருந்தேன், ரமணா தன் இஷ்டத்துக்குச் செய்தான்.' மற்ற இரண்டு பேரும் எதையும் பார்க்கவில்லை என்று கையெழுத்துப் போட்டார்கள்.

"இஞ்சின் செத்துப் போன படகு உள்ள வர்லாம்னு சட்டத்துலயே கீது நைனா. உசுருக்கு ஆபத்துன்னா தப்பு இல்ல. கேப்டன் கையில சொல்லாம நானா செஞ்சேன்னு அவரே எழுதிட்டாரு. அதான் தப்பு."

முனிகிருஷ்ணன் நட்டு ஒன்றைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"அந்த ஐநூறு மீட்டருக்குக் கல்லு நட்டுகீறாங்களா?"

"கடல்ல எப்படி நைனா கல்லு நடுவாங்க?"

"அப்போ உள்ள வந்துட்டான்னு யாரு அளந்தது?"

"ரேடாரு. முந்நூறு மீட்டரு வரைக்கும் வந்துட்டான்னு காட்டிச்சாம்."

"அது யாரு?"

"ஆளு இல்ல நைனா, மிசினு."

"யாரோட மிசினு?"

"கம்பெனியோடது."

"பின்ன முந்நூறுதான் காட்டும்."

அதற்குமேல் ரேடாரைப் பற்றி அவர் பேசவில்லை. பேச வேண்டியது வேறு இருந்தது. ஏஜென்சி கொடுத்த கார்டைக் கிழித்துவிட்டால் ரமணா இனி எந்தப் படகிலும் ஏற முடியாது. பழையபடி நாயுடுபேட்டை மில்லில் மூட்டை தூக்க வேண்டும். அங்கே ஆறு வருஷம் தூக்கியதில் அவனுக்கு வலது தோள் இப்போதும் இடதைவிட ஒரு விரல்கடை இறங்கித்தான் இருக்கும்.

ரமணாவின் மனைவி சுமித்ரா வீட்டுக்குள்ளிருந்து ஓர் இன்லாண்ட் லெட்டரைக் கொண்டுவந்தாள்.

"மாமா, அன்னிக்கே இவரு எழுதிப் போட்டாரே. கேப்டன் கயிறு போடச் சொன்னாருன்னு இதுல கீது."

முனிகிருஷ்ணன் கடிதத்தை வாங்கவில்லை. "மீனும் கீது" என்றார்.

மீன் இருந்தது. அந்தக் கடிதத்தில் படகுக்கு நாலு வரி, சாப்பாட்டுக்குப் பதினாலு வரி. அதற்கு ரமணாவைக் குறை சொல்ல முடியாது. கடிதம் வந்ததும் முனிகிருஷ்ணன் கேட்கும் முதல் கேள்வி, "இன்னா துன்னானாம்?" என்பதுதான். அதனால் மகன் அதையே விஸ்தாரமாக எழுதுவான். காப்பாற்றிவிட்ட படகுக்காரர்கள் போகும்போது மீன் கொடுத்ததும், அதைக் குழம்பு வைத்ததும், யார் யார் என்ன தின்றார்கள் என்பதும் அதில் ஒன்றுவிடாமல் இருந்தன.

"மீனு வாங்கிகினு படகை உள்ள வுட்டான்னு விசாரிக்கறவன் எழுதிடுவான். கீழ்ப்பாதியைக் கிழிச்சிட்டுக் குடு" என்றார்.

"பாதி கிழிஞ்ச காகிதத்தை யாரு மாமா நம்புவாங்க? உங்க கையில குடுத்தா நீங்க நம்புவீங்களா?"

நம்பமாட்டார். அதனால் கிழிக்காமல், மீன் தொடங்குகிற இடத்தில் மடித்து, மடிப்பை நகத்தால் மூன்றுமுறை அழுத்தித் தேய்த்துப் பையில் வைத்துக்கொண்டார்.

விசாரணை திருப்பதியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜின் மாடியில் இருந்த ஏஜென்சி ஆபீசில் நடந்தது. காக்கிநாடாவில் நடந்த விஷயத்தைத் திருப்பதியில் ஏன் விசாரிக்கிறார்கள் என்று முனிகிருஷ்ணனுக்கு வழியெல்லாம் சந்தேகம். உள்ளே போனதும் தீர்ந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த விசாரணை அதிகாரி திருவேங்கடம் அன்று காலைதான் மலையிலிருந்து இறங்கியிருந்தார். மொட்டைத் தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை. மேசைமேல் ஒரு பக்கம் ஃபைல், மறுபக்கம் லட்டுப் பை.

"வெளியாள் யாரும் உள்ளே வரக்கூடாதுங்க" என்றார் அதிகாரி.

"லெட்டரு என் கையில கீது. நான் வெளிய போனா அதுவும் வெளிய போவும்" என்றார் முனிகிருஷ்ணன்.

அதிகாரி நாற்காலியைக் காட்டினார். கடிதத்தை வாங்கிப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

"தெலுங்கா? நாகபூஷணம், இதைப் படிச்சு அர்த்தம் சொல்லுங்க."

நாகபூஷணம் ஏஜென்சி கிளார்க். ஸ்ரீகாகுளத்துக்காரர். திருப்பதிக்கு வந்து மூன்று மாதம். முதல் வரியை மனதுக்குள் படித்தார். மறுபடியும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அக்ஷராலு மாவே சார். மாட்டலு மாவி காவு" என்றார். எழுத்து எங்களுடையது, பேச்சு எங்களுடையது இல்லை என்று அர்த்தம்.

ரமணா எழுந்து நின்று விளக்கினான். அவன் படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம், தமிழ் எழுத்துத் தெரியாது. வீட்டில் பேசுவது தமிழ். அதனால் தமிழைத் தெலுங்கு எழுத்தில் எழுதுவான். ஊரில் எல்லாருமே அப்படித்தான்.

"நானே படிக்கட்டுமா சார்?"

"நீ படிச்சா உனக்கு வேண்டியதைப் படிப்பே" என்றார் அதிகாரி. "பெரியவரே, நீங்க?"

"எனுக்கு ரெண்டு எழுத்தும் தெரியாது."

அதிகாரி கொஞ்சநேரம் லட்டுப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வழி செய்தார். நாகபூஷணம் உரக்கப் படிப்பது, அதிகாரி காதால் கேட்டு எழுதிக்கொள்வது. ஒருவருக்கு எழுத்துத் தெரியும், ஒருவருக்குப் பேச்சுத் தெரியும். இரண்டு பேரையும் சேர்த்து ஓர் ஆளாக வைத்துக்கொண்டால் கடிதம் படித்த மாதிரி ஆகும்.

நாகபூஷணம் புரியாத மந்திரம் சொல்கிறவர்போல ஒரே சுருதியில் படித்தார்.

"நைனாவுக்கு நமஸ்காரம். நான் நல்லா கீறேன். இன்னிக்கு பொரட்டாசி மூணாம் சனிக்கெழமை. மத்தியானம் ஒரு படகு இஞ்சினு செத்து உள்ள வந்துட்ச்சி. ஆறு பேரு அழுதுகினு கையைக் கையை ஆட்றாங்கோ. கேப்டன் கையில சொன்னேன். கயிறு போடுறா, பாவம்னாரு. போட்டு இழுத்து வுட்டோம்."

மடிப்பு வந்துவிட்டது. முனிகிருஷ்ணன் எழுந்துபோய் மடிப்பின்மேல் கையை வைத்தார்.

"அவ்ளோதான் சார். முத்திரையைப் பாத்துக்கோங்க, அஞ்சாந்தேதி. கேப்டன் எழுதிக் குடுத்தது ஒம்பதாந்தேதி. இது முந்தி."

"நாலு நாள் முன்னாடியே பொய்யை எழுதி வெச்சுக்கலாம் இல்லே?" என்றார் அதிகாரி.

அந்த மனிதர்மேல் முனிகிருஷ்ணனுக்கு முதல்முறையாக மரியாதை வந்தது. அவராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார்.

"மடிப்புக்குக் கீழே என்ன இருக்கு?"

"வூட்டு விசயம்."

"என்ன வீட்டு விஷயம்?"

"சாப்பாடு."

"இவ்வளவுமா?"

"நாங்க சாப்பாட்டைப் பத்தி நெறைய பேசுவோம் சார்."

"கையை எடுங்க பெரியவரே."

முனிகிருஷ்ணன் மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான். அவர் கையை எடுத்துவிட்டு நின்றபடியே இருந்தார். மில்லில் அவனை மறுபடி சேர்த்துக்கொள்ள யாரைப் பிடிப்பது என்று மனதுக்குள் ஆள் தேட ஆரம்பித்துவிட்டார்.

நாகபூஷணம் மேலே படித்தார். என்ன படிக்கிறோம் என்று தெரியாததால் எங்கேயும் நிறுத்தவில்லை.

"போவும்போது ரெண்டு வஞ்சரம் குடுத்தாங்கோ. வாணாம்னேன். கேப்டன், மனசாரக் குடுக்கறான், வாங்குடான்னாரு. சமையல்காரரு புளி கரைச்சி கொழம்பு வெச்சாரு. சனிக்கெழமை வெரதம், நான் மீனு துன்ன மாட்டேன்னேன். கேப்டன் சிரிச்சாரு. உங்க சாமி மலைமேல கீறாரு, ஐநூறு மீட்டருக்கு உள்ள அவுருக்கு எடம் இல்ல, துன்னுடான்னாரு. மீனுத் தலை ரெண்டும் அவரே துன்னாரு. சோறு மூணு வாட்டி போட்டுகினாரு. நடுத்துண்டு இஞ்சின்காரருக்கு. வாலு சமையல்காரருக்கு. எனுக்கு ஊறுகா."

அதிகாரியின் இடது கை தானாக மேலே போய் மொட்டைத் தலையைத் தடவியது. விரலில் ஒட்டிய சந்தனத்தைப் பார்த்தார்.

"ஐநூறு மீட்டருக்குள்ளே இடம் இல்லேன்னு சொன்னாராமா?"

"அப்படித்தான் சார் சொன்னாரு" என்றான் ரமணா, மெதுவாக.

"அதை மறுபடி படிங்க நாகபூஷணம்."

ரமணா வரியைக் காட்ட, நாகபூஷணம் மறுபடி படித்தார். அதிகாரி ஃபைலைப் பிரித்துக் கேப்டன் எழுதிக் கொடுத்ததை எடுத்தார். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னார்: "அன்று காலை முதல் மாலைவரை கடுமையான காய்ச்சல். படுக்கையை விட்டு எழவில்லை. கஞ்சி மட்டும் குடித்தேன்." கீழே வைத்தார். "கஞ்சி குடிச்சவர் ரெண்டு தலை எப்படித் தின்னார்?"

பதில் சொல்ல வேண்டியவர் அங்கே இல்லை. கேப்டன் கடலில் இருந்தார்.

"இந்த லெட்டரைக் கேஸுக்காக எழுதியிருந்தா மீனை எழுதியிருக்க மாட்டான்" என்று அதிகாரி எழுதிக்கொண்டே சொன்னார். அவர் யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "மீன் வாங்கினேன்னு தன் கழுத்துக்குத் தானே எவன் கயிறு போட்டுக்குவான்? புரட்டாசி மூணாம் சனிக்கிழமைன்னா ரெண்டாந்தேதி. நானும் அன்னிக்கு விரதம்தான். தேதி சரியா இருக்கு. படகு வெளியே போன பிறகுதான் மீன். வாங்கச் சொன்னவர் கேப்டன். ரமணா, நீ திங்கட்கிழமை டூட்டியில சேரு. கேப்டனைத் தனியா விசாரிக்கணும்."

"அதே படகுலயா சார்?"

"அவரை இறக்கற வரைக்கும் அதே படகுதான்."

கடிதம் ஃபைலுக்குப் போனது. முனிகிருஷ்ணன் அது திரும்பி வேண்டும் என்றார். முடியாது என்றார்கள். அப்படியானால் வாங்கிக்கொண்டதற்கு எழுதிக் கொடுங்கள் என்று மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாகபூஷணம் ஒரு தாளில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முனிகிருஷ்ணன் மகனிடம் ஒருமுறை, கீழே லாட்ஜ் வாட்ச்மேனிடம் ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டும் ஒத்துப்போனதும் மடித்து வைத்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டில் ஊருக்குப் போகும் புத்தூர் பஸ்ஸுக்காக நின்றார்கள். ரமணாவுக்கு முகத்தில் ரத்தம் ஓடத் தொடங்கியிருந்தது. டீ வாங்கிவந்து கொடுத்தான். முனிகிருஷ்ணன் பாதி குடித்துவிட்டுக் கேட்டார்.

"டேய், நெசமாவே துன்னலையா?"

"இன்னா நைனா, நீயே நம்ப மாட்டியா? அந்த ஆபீசரே நம்பிட்டாரு."

"அவன் பெத்தவன் இல்ல. நான் கேக்கறேன், சொல்லு."

ரமணா பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தான். வரவில்லை.

"மீனைத் தொடலை நைனா. ஊறுகாய் மூணு நாளா துன்னு துன்னு நாக்கு செத்துப்போச்சி. கொழம்பு மட்டும் கொஞ்சம் ஊத்திகினேன்."

முனிகிருஷ்ணன் மீதி டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தார்.

"அதை எழுதாம வுட்டியே" என்றார். "அந்த மட்டும் புத்தி கீது."

பஸ் வந்தது. ஜன்னல் ஓரத்தில் இடம் பிடிக்க ரமணா முன்னால் ஓடினான்.