குளத்தின் மையப்புள்ளி

ஐந்தாவது வாளியைப் பக்கத்து வீட்டுக் குழாயடியிலிருந்து தூக்கிக்கொண்டு வரும்போதுதான் அந்த ஆள் மோட்டார் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் போன், முகத்தில் வெயில் ஒத்துக்கொள்ளாத எரிச்சல்.

"ஏங்க, இங்க ஒரு குளம் இருக்கணுமே, எங்க இருக்கு?"

அவள் வாளியைக் கீழே வைத்தாள். பதினான்கு வருடமாகப் பஸ்ஸில் கண்டக்டர் வேலை பார்ப்பவள். கிறுக்குத்தனமான கேள்விகளுக்குப் பதில் சொல்லியே அவள் வாய் கூர்மையாகிவிட்டது. ஆனால் இந்தக் கேள்விக்கு மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

"நீங்க நிக்கிறதே குளத்துக்குள்ளதான் சார். பார்த்து, வழுக்கும்."

அவன் குனிந்து காலடியைப் பார்த்தான். உண்மையாகவே பார்த்தான். காய்ந்த மண், ஒரு செங்கல் துண்டு, யாரோ துப்பிய மாங்கொட்டை.

"பிளானிங் ஆபீஸா?"

"ஆமா மேடம். ஸ்தல ஆய்வு. ஒரு மனு விஷயமா."

"பதினோரு வருஷம் கழிச்சு வந்திருக்கீங்க. மனு போட்டவர் நேத்து மத்தியானம் செத்துட்டார். குளிப்பாட்டத் தண்ணி கொண்டு போறேன். வழி விடுங்க."

அவன் வண்டியை நகர்த்தினான். அவள் வாளியோடு உள்ளே போய்விட்டாள்.

அப்பா லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பவர். கிழிந்த பாயை ஒட்டுப் போட்டு முடித்ததும் நாலு மூலையையும் முற்றத்துக் கம்பங்களில் இழுத்துக் கட்டுவார். நடுவில் நாலு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு, அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு எங்கே சொட்டுகிறது என்று பார்ப்பார். சொட்டினால் முகத்திலேயே விழும், சிரித்துக்கொண்டே சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போடுவார். சொட்டு நின்ற பாய்கள் கூரைமேல் காயும். எல்லாப் பாயும் நீலம்.

அப்படி ஒரு நாளில்தான் அரசாங்கம் ஆகாயத்திலிருந்து ஊரைப் படம் பிடித்தது. வளர்ந்துவரும் பகுதிக்கு வளர்ச்சித் திட்டம் போடப்போகிறார்களாம். படத்தில் ஒரு நீலத் திட்டு, அதில் ஓரிடத்தில் பளபளவென்று தண்ணீர். குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு புண்ணியவான் அதைச் சுற்றி ஒரு கோடு போட்டு, உள்ளே நீலம் தீட்டி, 'நீர்நிலை' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். தெருமுனைவரை வந்து எட்டிப் பார்க்க அவனுக்குக் கால் வலித்திருக்கும்.

அப்போது அங்கே நாற்பது வீடுகள். இப்போது நாலாயிரம். வீடெல்லாம் வந்த பிறகு திட்டம் வந்தது. தான் சொல்லித்தான் வீடுகள் வந்தன என்பதுபோல வழவழப்பான தாளில் அச்சாகி, மேடையில் ரிப்பன் கட்டி வெளியிடப்பட்டது. அதில் பேருந்து நிலையம் என்று போட்டிருந்த இடத்தில் இன்றைக்கும் முட்புதர்தான் மண்டிக் கிடக்கிறது. அவள் பஸ் தினமும் அந்தப் புதரைத் தாண்டிப் போய்த்தான் சாலையோரம் நிற்கிறது. பூங்கா என்று போட்ட இடத்தில் மூன்று மாடி வீடு. இதெல்லாம் தப்பில்லையாம். அப்பா வீடு மட்டும் குளமாம், அதை மாற்ற முடியாதாம்.

குடிதண்ணீர்க் குழாய் தெருவழியே நேராக வந்து, இவர்கள் வேலியருகே நின்று, குளத்துக்கு மரியாதை செய்து வளைந்து அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. சாக்கடைக் குழாயும் அப்படியே. ஒழுகும் தகரக் கூரையை எடுத்துவிட்டுத் தளம் போட அனுமதி கேட்டால், நீர்நிலையில் கட்டுமானம் கூடாது என்று பதில். போன வருடம் நீர்நிலைகளை மீட்கப்போவதாக அறிவித்தார்கள். ஆக்கிரமிப்புகள் இடிக்கப்படும். அதாவது குளத்துக்குள் இருபத்தாறு வருடமாகக் குடியிருக்கும் அப்பாவும் அம்மாவும்.

தெருவில் அவருக்குக் 'குளத்துக்காரர்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. மனு எழுதினார். நாற்பத்து மூன்று மனு. ஒவ்வொன்றிலும் 'தங்கள் பணிவுள்ள' என்று முடித்து, முழுப்பெயரில் கையெழுத்துப் போட்டார். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று வந்த பதில்களை மருந்துச் சீட்டைவிடப் பத்திரமாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தார். மகளுக்கு ஆபீஸ்மேல் இருந்த இளக்காரம் கொஞ்சம் கொஞ்சமாக அப்பாமேலும் வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை, கூரை ஒழுகுகிற இடத்தில் அம்மா பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தபோது, "அந்தக் காகிதத்தையெல்லாம் எடுத்துக் கூரைமேல ஒட்டுங்கப்பா, அதுக்காவது உதவட்டும்" என்று சொல்லிவிட்டாள். அப்பா ஊசியில் நூல் கோத்தார். அதுதான் அவரிடம் அவள் கடைசியாகப் பேசியது.

குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, கூடத்தில் கட்டிலில் கிடத்தினார்கள். பதினொரு மணிக்கு மயானத்துக்கு வண்டி. அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது ஆய்வாளன் இன்னும் போகவில்லை. சித்தப்பா அவனுக்கு நாற்காலி போட்டு, பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அடையாள அட்டையைப் பார்த்தாலே முதுகு தானாக வளைந்துவிடும் மனுஷன்.

"இவர்கிட்ட கொஞ்சம் பதமா பேசும்மா," என்றார். "மனசு வச்சா செய்வார்."

"என்ன செய்வீங்க சார்?" என்று கேட்டாள்.

ஆய்வாளன் எழுந்தான். முப்பது வயது இருக்கும். "மேடம், வருத்தமான நேரம்தான். ஆனா இன்னிக்குச் சாயங்காலத்தோட ஆய்வு முடியுது. நாளைக்குத் திருத்தின பிளான் ஃபைனல் ஆயிடும். அப்புறம் இருபது வருஷத்துக்கு யாரும் கை வைக்க முடியாது. மனுதாரர் முன்னிலையில பண்ணணும்னு வேற ரூல்."

"முன்னிலைதானே? உள்ளதான் இருக்கார். எங்கயும் போகல."

சித்தப்பா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"வாசல்ல இருந்தே ஒரு போட்டோ எடுத்துக்கறேன் மேடம்." அவன் போனை வீட்டுக்கு நேராக நீட்டினான். போன் ஏற்கவில்லை. மையப்புள்ளிக்குப் பதினாறு மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள் என்று சொல்லியது. மூன்று மீட்டருக்குள் நின்றால்தான் படம் எடுக்க முடியுமாம்.

"எதோட மையம்?"

"குளத்தோட..." என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டான்.

அவன் முற்றத்தில் இறங்கி அங்குமிங்கும் நடந்தான். தையல் மெஷினைச் சுற்றிப் போனான். பன்னிரண்டு. கம்பங்களுக்கு நடுவே போனான். பத்து. கொல்லைப்புறம் போனால் பதினெட்டு. துக்கம் கேட்க வந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு, தொலைந்த ஆட்டைத் தேடுகிறவனைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தார்கள்.

"வாங்க," என்றாள் அவள். "கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க எல்லாரும். வழி விடுங்க. சார் குளத்தைப் பார்க்கணுமாம்."

பஸ்ஸில் சொல்கிற அதே குரலில் சொன்னாள். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. அவன் போனைப் பார்த்துக்கொண்டே படி ஏறினான். எட்டு. கூடத்து வாசல், ஆறு. கட்டிலின் கால்மாடு, நான்கு. இன்னும் ஓரடி வைத்து நிமிர்ந்தபோது அவன் முழங்கால் கட்டில் சட்டத்தில் இடித்தது. இரண்டு மீட்டர். திரையில் நீலத் திட்டு, அதன் நடுவில் சிவப்புப் புள்ளி. புள்ளி இருக்கும் இடத்தில் அப்பா கிடந்தார்.

தலைமாட்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். வந்தவனை யாரோ தூரத்துச் சொந்தம் என்று நினைத்து உட்காரச் சொல்லிக் கைகாட்டினாள்.

அவன் போனில் ஏதோ திறந்தான். மகள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். மூன்று கட்டங்கள். நீர் உள்ளது. நீர் வற்றியுள்ளது. ஆக்கிரமிக்கப்பட்டுள்ளது.

"நாலாவது எங்க?"

"நாலாவது இல்ல மேடம்."

"குளமே இல்லன்னு சொல்ல ஒரு கட்டம் இல்லையா? அப்போ குளம் இருக்கா இல்லையான்னு பார்க்க வர்ற ஆய்வு எதுக்கு சார்?"

"அது... ஃபார்ம் மேலிடத்துல தயார் பண்ணது." அவன் நெற்றியைத் துடைத்தான். "பொதுவா வீடு இருந்தா மூணாவது போடுவோம்."

"போட்டா?"

"லிஸ்ட்ல சேரும்."

"இடிக்கிற லிஸ்ட்டா?"

அவன் போனைப் பார்த்தபடி தலையாட்டினான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாற்பத்து மூன்று மனுவுக்கும் சேர்த்து அனுப்பிவைத்த பதில் இந்த ஆளும் இந்த மூன்று கட்டமும்தான். ஒரு நாட்டின் மூளை முழுவதும் சேர்ந்து உட்கார்ந்து யோசித்து, ஒரு தார்ப்பாயையும் ஒரு குளத்தையும் பிரித்துச் சொல்லத் தெரியாமல், கடைசியில் பிணத்தை அளந்துகொண்டு நிற்கிறது. இவர்களுக்காகவா அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போய் வரிசையில் நின்றார்?

அவன் தயங்கித் தயங்கி அடுத்ததைச் சொன்னான். "மேடம், தப்பா நினைக்காதீங்க. படத்துல ஆளுங்க வரக்கூடாது. கட்டிலை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்தினா, ரெண்டு நிமிஷம்..."

சித்தப்பாவின் முதுகுகூட நிமிர்ந்துவிட்டது.

"நகர்த்தணுமா?" அவள் குரல் இறங்கியது. "இருக்கும்போது நகரச் சொன்னீங்க. செத்த பிறகுமா?"

"ஐயோ, நானா சொல்லல மேடம். ஆள் முகம் படத்துல இருந்தா சிஸ்டம் தானா ஏத்துக்காது. நிறுத்தி வச்சிடும். ஆபீசர் ஒருத்தர் திறந்து கண்ணால பார்த்துக் கையெழுத்துப் போடணும். அவங்களுக்கு அது பிடிக்காது. எனக்கு மெமோ வரும்."

"முகம் இல்லன்னா?"

"யாரும் பார்க்க வேண்டியதில்ல. அப்படியே போயிடும்."

"இதுவரைக்கும் எங்க ஃபைலை யாராவது கண்ணால பார்த்திருக்காங்களா சார்?"

அவன் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். "தெரியல மேடம். நான் வந்தே ஏழு மாசம்தான். மனுவை நம்பர் போட்டு ஏத்திவிடுவோம். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். நாற்பத்து மூன்று கடிதத்தில் ஒன்றைக்கூட ஒரு மனிதன் படிக்கவில்லை. அப்பா அது தெரியாமலேயே போய்விட்டார். தெரியாமல் போனதே நல்லது என்று ஒரு நிமிடம் தோன்றியது. அடுத்த நிமிடம் அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டில் நகராது," என்றாள். "இங்கேயே எடுங்க. முகத்தோட எடுங்க."

"மெமோ..."

"வாங்கிக்குங்க. ஒண்ணுதானே? எங்கப்பா பதினோரு வருஷம் உங்க காகிதம் வாங்கினார். கீழ எழுத இடம் இருக்கா?"

"குறிப்புன்னு இருக்கு. ஐம்பது எழுத்து."

"'இது வீடு. படுத்திருப்பவர் மனுதாரர்.' அதை எழுதுங்க."

அவன் எழுதினான். எழுத்துப்பிழை வந்து, அழித்து, மறுபடி எழுதினான். அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்ததும் அவன்மேல் இருந்த வெறுப்பில் ஒரு பிடி குறைந்தது. குறைந்ததே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

சித்தப்பா அவள் காதருகே வந்தார். "செத்தவர் முகத்தைப் போய் ஆபீஸ் காகிதத்துல... அண்ணனுக்கு மரியாதையா இது? அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேளு."

அது நியாயம்தான். அவள் அம்மா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, எப்படிச் சொல்வது என்று தெரியாமல், உள்ளதை உள்ளபடி சொன்னாள். அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். நிமிர்ந்து ஆய்வாளனைப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, படம் எடுத்தா பெரிய ஆபீசர் பார்ப்பாரா?"

"முகம் இருந்தா பார்த்தே ஆகணும்மா."

"அவரே பார்ப்பாரா? வேற யார்கிட்டயாவது குடுத்துட மாட்டாரே?"

"அவரேதான் பார்க்கணும்."

அம்மா எழுந்து அலமாரியிலிருந்து சீப்பை எடுத்து வந்தாள். குளிப்பாட்டியவர்கள் தலையைப் பின்னோக்கி வாரிவிட்டிருந்தார்கள். அவள் ஈர முடியைக் கலைத்து, இடது பக்கம் வகிடு எடுத்து, அவர் வாரிக்கொள்கிற மாதிரியே படிய வாரினாள். சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள். மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள். பிறகு தன் முகத்தையும் துடைத்துக்கொண்டு, கட்டிலை ஒட்டி நேராக உட்கார்ந்தாள்.

"நானும் இந்த வீட்லதான் இருக்கேன். நானும் வரலாம்ல?"

"வாங்கம்மா."

மகள் போய் ஜன்னலின் இரண்டாவது கதவையும் திறந்துவிட்டாள்.

அம்மா போனை நேராகப் பார்த்தாள். பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல அப்பா பக்கம் திரும்பிவிட்டு, மறுபடி அவனைப் பார்த்துக் கேட்டாள்.

"அவர் கண்ணு மூடியிருக்கே தம்பி. பரவாயில்லையா?"

அவன் போனைக் கொஞ்சம் தாழ்த்தினான்.

"பரவாயில்லம்மா," என்று சொல்லிவிட்டு, இரண்டு பேரும் முழுதாக வரும்படி ஓரடி பின்னால் நகர்ந்து நின்றான்.