வாளியில் நான்கு செடிகள்

...அக்காவைக் கூப்பிட்டுக்கோ என்றாளே, அதைத்தான் கண்ணகியால் தாங்க முடியவில்லை, தண்ணீரில் நாலு செடி நடுவதற்குக்கூட அவளுக்கு ஆள் துணை வேண்டுமாம், அதுவும் மாடிவீட்டு அமுதவல்லி... அக்காவாம், எந்த வயிற்றில் பிறந்த அக்கா, ஆறு மாதத்துக்கு முன்னால் இரண்டு பெட்டியும் ஒரு கண்ணாடி மீன்தொட்டியுமாகக் குடிவந்தவள், ஏதோ காலேஜ் லேபில் வேலை, சிரித்தால் கன்னத்தில் குழி விழுகிறது, அவ்வளவுதானே, அதற்கா தன் மகள் கலையரசி இப்படி மயங்கிப்போக வேண்டும், மூச்சுக்கு முந்நூறு தரம் அமுதா அக்கா, அமுதா அக்கா. காலையில் வேன்காரன் வாசலில் ஹாரன் அடிக்க அடிக்க, ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டே சொன்னாள், "அம்மா, பக்கெட்ல செடிங்க இருக்குது, இன்னிக்கு உனக்கு கம்பெனி லீவுதானே, என் மீன்தொட்டியில நட்டுடும்மா, சாயந்திரம் வரைக்கும் விட்டா வதங்கிடும். தெரியலன்னா அமுதா அக்காவ கூப்ட்டுக்கோ." எனக்குத் தெரியும் நீ கெளம்பு என்று சொல்லியாகிவிட்டது. இனிமேல் மாடிப்படியில் கால் வைத்தால் மானம் போய்விடும்.

தெரியும் என்று எந்தத் தைரியத்தில் சொன்னாள்? வாளிக்குள் பார்த்தால் எல்லாம் ஒரே பச்சையாகத்தான் இருந்தது, ஒவ்வொரு செடிக்கட்டிலும் கலை துண்டுத்தாளில் பெயர் எழுதிச் சுற்றியிருக்கிறாள், ஸ்கெட்ச் பேனாவால், எட்டாவது படிக்கிற பிள்ளைக்குத் தண்ணீரில் மை கரையும் என்று தெரியாதா, ராத்திரி முழுக்க ஊறிக் கரைந்து தாள்களில் ஊதாக் கறை மட்டும் மிச்சம்... அந்த அக்கா இதைச் சொல்லித்தரவில்லையா, எல்லாம் தெரிந்தவளாயிற்றே. கண்ணகிக்கு அதில் ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது, இல்லை என்று எதற்குப் பொய் சொல்ல வேண்டும். தேங்காய்த்திட்டு மீனவக் குப்பத்தில் பிறந்தவள் அவள், துண்டு போட்டு வைத்த மீனைப் பார்த்தே வஞ்சிரமா சீலாவா என்று சொல்லிவிடுவாள், செவுளைத் தொட்டால் எப்போது பிடித்தது என்று சொல்லுவாள், ஆனால் ஒரு நாளாவது கலை அதை உட்கார்ந்து கேட்டிருக்கிறாளா? மீன் நாத்தம்மா என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியவள்தான், இன்றைக்குக் குழம்புக்கு ஆகாத விரல்நீள மீனுக்கு வீடு கட்டி, மணல் கழுவி, தோட்டம் வேறு போடுகிறாள்.

சரி, முதலில் இந்த நீட்டு இலை, ரிப்பன் மாதிரி இருப்பது... வாலிஸ்னேரியா. பெயர் தானாக நாக்கில் வந்ததில் கண்ணகிக்கே திகைப்பாக இருந்தது. வேரை மட்டும் மணலுக்குள் விட வேண்டும், குருத்து வெளியே தெரிய வேண்டும், மூடினால் அழுகிவிடும். விரலால் பள்ளம் பறித்து நட்டாள், நின்றது. அடுத்தது மயிர்மயிராக, விசிறி விசிறியாக இலை, கபோம்பா, இதைக் கொத்தாக நடக்கூடாது, கட்டைப் பிரித்து, அடியிலிருக்கும் இலையைக் கிள்ளிவிட்டு, ஒவ்வொரு தண்டாகத் தள்ளித்தள்ளி. மூன்றாவது, தடித்த இலை, அடியில் இஞ்சித்துண்டு போல ஒரு கிடைத்தண்டு, அனுபியாஸ். இதைப் புதைத்தால் செத்துப்போகும், கறுப்பு நூலால் கல்லில் கட்டி வைக்க வேண்டும், வேர் மெல்லக் கல்லைப் பிடித்துக்கொள்ளும்... புதைத்துவிட்டால் என்ன? யாருக்குத் தெரியப் போகிறது, நாலு வாரத்தில் அழுகும், உன் அக்கா பொறுக்கிக் கொடுத்த செடியின் லட்சணத்தைப் பார் என்று சொல்லலாம். புதைத்தும் விட்டாள், மணலை மேலே அணைத்து, கையால் ஒரு தட்டும் தட்டினாள். பிறகுதான் யோசித்தாள், அழுகினால் பிள்ளை எங்கே ஓடும், மாடிக்குத்தானே ஓடும், அவள் இறங்கி வந்து, முழங்கைவரை கையை உள்ளே விட்டு, ஐயோ யார் இதைப் புதைச்சது என்று கன்னத்தில் குழி விழச் சிரிப்பாள். கண்ணகி செடியைப் பிடுங்கிக் கழுவி, தையல் பெட்டியிலிருந்து கறுப்பு நூல் எடுத்துக் கல்லில் வைத்துக் கட்டினாள்.

கட்டும்போதுதான் உறைத்தது, இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்? அமுதவல்லியோடு அவள் நாலு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் கலை சொன்னது, தோசையை வாயில் வைத்துக்கொண்டு, அம்மா இங்க கேளேன், அம்மா இத கேளு, என்று இழுத்து இழுத்துச் சொன்னது, இவள் கேட்காத மாதிரி சட்னியைக் கரண்டியால் தள்ளிக்கொண்டிருந்தபோது சொன்னது. மாடியில் கேட்டதையெல்லாம் ஒன்று விடாமல் தன்னிடம் கொண்டுவந்து கொட்டியிருக்கிறாள், பைத்தியக்காரி, தான்தான் பைத்தியக்காரி, இதற்கா இத்தனை நாள் வயிறெரிந்தது? கைக்குள் இருந்த பிள்ளையைக் காணோம் என்று தேடியிருக்கிறாள். ஈரக்கையோடு தனியாகச் சிரித்துவிட்டு வாளிக்குள் மறுபடி கைவிட்டாள், நாலாவது, கடைசி.

சின்னதாக ஒரு கிழங்கு, தலையில் சுருண்டு சிவந்த இரண்டு இலை. இது என்ன? யோசித்தாள், பெயர் வரவில்லை. புதைப்பதா, கட்டுவதா, மேலே சும்மா போட்டு வைப்பதா, எதுவும் வரவில்லை, கலையின் குரலில் ஒரு சொல்கூட இல்லை... போன வாரத்துக்கு முந்தின வாரம், ஞாயிற்றுக்கிழமை, "போதுண்டி, சாப்புடுற எடத்துல அவ பேச்ச எடுக்காத, கேக்கவே புடிக்கல எனக்கு" என்று தட்டை நகர்த்தியபோது, கலை நிமிர்ந்து பார்த்தாள், சரிம்மா என்றாள், அழவில்லை, கோபிக்கவுமில்லை. அதற்குப் பிறகு தினமும் ஸ்கூல் எப்டி இருந்திச்சு, நல்லா இருந்திச்சு, இன்னொரு தோசை வெக்கவா, வேணாம்மா. ஜெயித்துவிட்டதாகத்தான் கண்ணகி இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இந்தக் கிழங்கைப் பற்றிய பேச்சு மாடியில் அந்த நாட்களில்தான் வந்திருக்கும். மாடியில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது, அவளுக்கு இதன் பெயர் தெரியும், கலைக்குத் தெரியும். சாயந்திரம் வந்ததும் இது என்னடி என்று கேட்டால் சொல்லுவாள், சொல்லாமல் இருக்க மாட்டாள், தங்கமான பிள்ளை... ஆனால் பெயரை மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டால்?