முன்னால் போக முடியாத சத்தியபாமா

பதுளையிலிருந்து வேன் நிறைய ஸ்பீக்கர் பெட்டிகளோடு பாஸ்டர் தனேஸ்வரன் மடுல்சீமைப் பக்கம் வரும்போதெல்லாம், அந்தத் தேயிலைத் தோட்டம் முழுவதும் ஒருமுறை இரட்சிக்கப்பட்டுவிடும். போன தடவை இரட்சிக்கப்பட்டவர்களையும் அவர் விட்டுவைப்பதில்லை. மண்டபத்து விளக்கைக் குறைத்து, கீபோர்டு விம்மத் தொடங்கியதும், இரட்சிப்புக்கு முன்னால் வரச் சொல்லி அழைப்பார். சனம் எழுந்து முன்னால் போகும். வேன் டிரைவர் ஓடி ஓடிப் படம் எடுப்பான், வெளிநாட்டுச் சபைக்கு அனுப்ப.

சத்தியபாமா ஒரு தடவைகூடப் போகாமல் இருந்ததில்லை. தோட்டத்து லய வீட்டில் பிறந்தவளுக்கு வேறு கணக்குத் தெரியாது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வந்து நின்றால்தான் அன்றைய கூலிக்குப் பேர் போடுவார்கள். நேற்று நின்றது நேற்றோடு சரி. கொழுந்து எடை குறைந்தால் அரைப்பேர், பாதிக் கூலிதான். மோட்சத்து வாசலிலும் ஒரு கங்காணி நின்று, "போன தடவ வந்த, இந்தத் தடவ எங்க போன?" என்று கேட்பான் என்றே பயந்திருந்தாள்.

இன்று பகல் முழுக்க மழையில் செங்குத்து மலையில் கொழுந்து பறித்ததில் முழங்கால் வீங்கிக் கிடந்தது. கீபோர்டு விம்மியது.

"அண்ணி, எந்திரிங்க. எல்லாரும் போறாங்க" என்று நாத்தனார் விஜிதா இடித்தாள்.

"நீ போ. காலு கேக்க மாட்டேங்குது."

"பேரு விடுபட்டுரும் அண்ணி!"

அந்தப் பயம்தான் சத்தியபாமாவுக்கும். முன் நாற்காலியைப் பிடித்துப் பாதிவரை எழுந்தாள். தொப்பென்று உட்கார்ந்தாள். மறுபடி முயன்றாள். முடியவில்லை.

காலி நாற்காலிகளுக்கு நடுவே ஒருத்தி மட்டும் இருப்பது படத்துக்கு ஆகாது. பாஸ்டரே மைக்கோடு இறங்கி வந்தார்.

"அம்மா, இண்டைக்கு இரவு நீங்கள் செத்தால் எங்க போவீங்கள்?"

"நான் எங்கங்கய்யா போறது? உங்ககிட்ட வரவே முடியல. ஆண்டவருதான் வந்து தூக்கிக்கிட்டுப் போகணும்."

மைக் வழியாக அது மண்டபம் முழுக்கக் கேட்டது. முன்னால் முழங்காலிட்டிருந்தவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"தூக்குவாரெண்டு என்ன நிச்சயம்?" பாஸ்டரின் குரலில் இன்னும் மேடை மிடுக்கு இருந்தது.

சத்தியபாமா யோசித்தாள். களைப்பில் பயப்படக்கூடத் தெம்பில்லை.

"கைவிட மாட்டேன்னு சொன்னது அவருங்க. நான் சொல்லியிருந்தாத்தான் பயப்படணும். என் வாக்கு எந்தக் காலத்துல நெலச்சிச்சு?"

அல்லேலூயா சொல்ல வாயெடுத்தார் பாஸ்டர். மைக்கைத் தாழ்த்தினார். மடுல்சீமை ரோட்டின் குழிகள் அவர் இடுப்பையும் ஒரு வழி பண்ணியிருந்தன. ஊர் ஊராக இதே கேள்வியைக் கேட்டு வருகிறார்; அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. மைக்கை அணைத்தார்.

"உண்மையாவோ, அம்மா?"

"ஆமாங்கய்யா." கொட்டாவியை அவளால் அடக்க முடியவில்லை. "உக்காருங்க. எவ்வளவு நேரந்தான் நிப்பீங்க?"

பாஸ்டர் உட்கார்ந்தார். சற்றுப் பொறுத்து, காலில் கிடந்த சப்பாத்தையும் கழற்றினார்.