மெழுகுப் பென்சில் கையெழுத்து

எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் பரீட்சைக்குப் போனால் மூளை சூடாகிவிடும் என்பது என் அம்மா சாரம்மாளின் கட்சி. உயிர்வேதியியல் வாய்மொழித் தேர்வன்று காலை ஒரு கரண்டி நல்லெண்ணெயை என் உச்சந்தலையில் கவிழ்த்தாள். சீயக்காய் தீர்ந்துபோனதை அப்புறம்தான் பார்த்தாள்.

"ஏட்டி ஃபெபி, ஆத்துல நாலு முங்கு போடு, எல்லாம் போயிரும்."

போகுமா? தாமிரபரணியே திரண்டு வந்தாலும் போகாது! விக்கிரமசிங்கபுரத்தில் பஸ் ஏறும்போதும் எண்ணெய் வடிந்தது. மழை வேறு. ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் எல்லாம் நடுவில் வந்து நெருக்கினார்கள். செய்முறை நோட்டின் கடைசிப் பக்கத்தை விரித்துப் படித்தவள், அதன்மேலேயே தலைசாய்த்துத் தூங்கிவிட்டேன்.

போன முறை, தண்ணீரோடு ஒட்டாத முனைவற்ற அமினோ அமிலங்களின் பெயர்களை மடமடவென்று ஒப்பித்தேன். "ஏன் முனைவற்றவை?" என்றார் பூதலிங்கம் சார். முழித்தேன். ஃபெயில். இந்த முறையும் போனால், கிடைத்திருக்கும் பெங்களூர் ஆய்வக வேலை கைவிட்டுப் போய்விடும்.

இன்றும் அவரேதான். கேள்வி கேட்குமுன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட மைப்பேனாவை வைத்தார். மை ஒட்டாமல் முத்து முத்தாகத் திரண்டது.

"என்னம்மா, நோட்டுல வடை சுட்டியா? மை நிக்கமாட்டேங்குதே!"

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. "சார், போன தடவை நீங்க கேட்டதுக்கு இதான் சார் பதில்! எண்ணெயில பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். எலக்ட்ரானச் சண்டையில்லாமப் பங்கு போட்டுக்கிடுது. ஒரு பக்கம் பிளஸ், ஒரு பக்கம் மைனஸ்னு ஆகல. தண்ணி எதைப் பிடிக்கும்? அந்த அமிலங்களோட பக்கச் சங்கிலியும் இப்படித்தான்! புரதம் மடியும்போது, மழைக்குப் பஸ்ல நடுவுல நெருக்குத மாதிரி உள்ள போய் ஒண்டிக்கிடும்."

"அலனின் முனைவற்றது, சரி. செரின்?"

"அலனின்ல ஒரு ஆக்சிஜனச் செருகினா செரின். ஆக்சிஜன் எலக்ட்ரானத் தன் பக்கம் இழுத்துரும். அது முனைவுள்ளது சார்."

"மெத்தியோனின்ல கந்தகம் இருக்கே?"

"கந்தகமும் கார்பனும் கிட்டத்தட்ட ஒரே பலத்துல இழுக்கும். யாருக்கும் வெற்றியில்ல!"

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி பேனாவை அழுத்தினார். ம்ஹூம். சோதனைக்குழாயில் குறியிடும் சிவப்பு மெழுகுப் பென்சிலை எடுத்து நீட்டினேன்.

"மெழுகும் எண்ணெயும் சொந்தக்காரங்க சார். இது ஒட்டும்."

"அடேயப்பா!" என்று வாய்விட்டுச் சிரித்தபடி, 'தேர்ச்சி' என்று சிவப்பில் எழுதிக் கையெழுத்திட்டார். ஒட்டியது!

வீட்டில் அம்மா அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். "நான் சொன்னேம்லா? எண்ணெய் வச்சாத்தான் மூளை வேலை செய்யும்!"

உண்மைதானே!