பரம்பரை நிறம்

கணேசலிங்கத்தார் பிறந்து நாலு நாளான பேரனைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படமெடுத்து, கோயில் நிர்வாகசபை வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ‘பொன்னிறம். எங்கள் பரம்பரை நிறம்.’ அவர் தோசைக்கல் நிறம். ஆனால், இல்ஃபோர்ட்டில் கோயில் தலைவரான அவருக்கு அதை எடுத்துச் சொல்ல ஆளில்லை. குழுவில் கும்பிட்ட கைப் படங்களாக வந்து குவிந்தன.

“மாமா, பிள்ளை காலமை தொடக்கம் பால் குடிக்குதில்லை,” என்றாள் மருமகள் துஷ்யா. “எழுப்பினாலும் எழும்புதில்லை.”

“அது அடக்கம், பிள்ளை. எங்கட ஆக்கள் அப்பிடித்தான்.”

“உங்கட ஆக்களில அடக்கமான ஒராளை நான் இன்னும் காணேல்லை, மாமா.”

மைக் இல்லாமலே கார் தரிப்பிடம் வரை கேட்கும் குரல் அவருடையது. திருவிழாவில் அவர் பேச எழும்பினால் சனம் அன்னதானத்துக்கு எழும்பும். பிள்ளை மஞ்சளாக இருக்கிறது என்று துஷ்யா சொன்னதற்கு, மஞ்சள் எவ்வளவு மங்களகரமானது என்று அந்தக் குரலில் அவர் விளக்கத் தொடங்கியபோது, அவள் போன் பண்ணிக் கூப்பிட்டிருந்த மிட்வைஃப் வந்துவிட்டாள். பிள்ளையின் நெற்றியை விரலால் அமத்தி எடுத்தாள்; அமத்திய இடம் மஞ்சளாகத் தெரிந்தது. இமையை விலக்கிப் பார்த்தாள். கண்ணின் வெள்ளையும் மஞ்சளாக இருந்தது. பரம்பரையைப் பற்றி ஒன்றும் கேட்காமல் அம்புலன்ஸுக்குப் போன் அடித்தாள்.

ஆஸ்பத்திரியில் மகன் றஜீவன் டொக்டர் சொன்னதைச் சொன்னான்.

“இரத்தத்தில மஞ்சள் கூடிப்போச்சாம், அப்பா. அது மூளைக்குள்ள போனா காது கேளாமப் போகலாம். கை கால் சொல்வழி கேளாமப் போகலாம். நித்திரை எண்டு நாங்கள் நினைச்சது அதின்ர அறிகுறியாம்.”

“மூளைக்குள்ள போயிட்டுதோ?”

“இப்ப சொல்ல ஏலாதாம். பிறகு காதைச் சோதிச்சுப் பாப்பினமாம்.”

சட்டைப்பையில் போன் அதிர்ந்தபடி இருந்தது. ‘தங்கக்கட்டி.’ ‘தலைவரை உரிச்சு வைச்சிருக்கு.’ படத்தை அழிக்கப் பார்த்தார். விரல் தடுமாறி, கடைசி வாழ்த்துக்கு அவரே ஒரு கும்பிடு அனுப்பிவிட்டார்.

கண்ணாடிப் பெட்டிக்குள், கண் கட்டப்பட்டு, பேரன் மஞ்சளைக் குறைக்கும் நீல வெளிச்சத்தில் கிடந்தான். பொன்னுமில்லை, பரம்பரையுமில்லை, தலை முதல் கால் வரை நீலம். கணேசலிங்கத்தார் பெட்டியோடு ஒட்டிக் குனிந்தார். நாற்பது வருடப் பொதுவாழ்வில் இவ்வளவு சின்னக் குரலை அவர் பாவித்ததில்லை.

“தம்பி… அப்பப்பா வந்திருக்கிறன்.”

ஒரு கால்விரல் அசைந்தது போல இருந்தது. தன் குரலுக்கா, தானாகவா என்று தெரியவில்லை. இன்னொருதரம் கூப்பிட்டார். பிறகு வாயை இறுக மூடிக்கொண்டு, அந்த விரலையே பார்த்தபடி நின்றார்.