அப்பா கூப்பிட்டதாக ஒரு கதை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாகப் பிறந்ததில்லை. ஒரு பத்திரிகை ஆசிரியர் என்னிடம் 'இருத்தல்' பற்றிக் கட்டுரை கேட்டார். ஒரு பொருள் இருக்கிறது என்று எப்படித் தெரியும், நாம் பார்க்காதபோதும் அது அங்கே இருக்கிறதா, இந்த வகையான சங்கதி. நான் நாற்காலி வியாபாரியின் மகள். தத்துவம் படிக்கப் போனபோது எனக்கு ஏற்பட்ட முதல் ஆச்சரியமே, இந்த ஆட்கள் உதாரணத்துக்கு எப்போது பார்த்தாலும் நாற்காலியையே இழுக்கிறார்கள் என்பதுதான். (மேசையையும் இழுப்பார்கள். எங்கள் கடையில் மேசை கிடையாது.) நாற்காலி உண்மையில் இருக்கிறதா என்று கேட்டவர்களில் ஒருவருக்கும், அதை இன்னொருவர் தலையில் கட்டவேண்டிய நெருக்கடி வந்ததில்லை என்று நினைக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கட்டுரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் படித்தார்.

"என்னம்மா எழுதுற?"

"நாற்காலி இருக்கா இல்லையான்னு."

"எதுல உக்காந்துக்கிட்டு எழுதுற?"

"நம்ம கடை நாற்காலியிலதான்."

"அப்ப முடிஞ்சுதுல்ல."

சிரித்தார். ஜன்னல் பக்கம் போய்த் தெருவைப் பார்த்தார். பிறகு திரும்பாமலே சொன்னார்: "இல்லாததப் பத்தி எழுதணும்னா நம்ம வீட்டுலயே ஒண்ணு இருக்கே."

"எது?"

"உங்கத்தை போன அன்னைக்கு நான் அவளைக் கூப்பிட்டது."

"நீங்க கூப்பிடலையேப்பா."

"அதத்தான சொல்றேன். கூப்பிட்டதா எழுதிடு. நீ எழுதறதெல்லாம் அவ படிக்கிறா."

கட்டுரை அந்த இடத்தில் உயிரை விட்டது. ஆசிரியர் மன்னிக்க வேண்டும். கேட்ட சரக்கு இல்லை, கைவசம் இருப்பதைக் காட்டுகிறேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'அன்று காலை வானம் வெளிறிக் கிடந்தது. தெருவில்—'

(விடுங்கள். அன்று யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. வியாபாரிகள் அண்ணாந்து பார்ப்பது வெளியில் வைத்த சரக்கை மழைக்கு முன்னால் உள்ளே இழுப்பதற்கு மட்டும்தான்.)

'ஓர் அண்ணனும் தங்கையும் சேர்ந்து நடத்திவந்த நாற்காலிக் கடையில் ஒருநாள் பெரிய சண்டை—'

(சண்டை வரவில்லை. வந்திருந்தால் இத்தனை வருடத்தில் யாராவது சமாதானம் செய்து வைத்திருப்பார்கள். இரண்டு பேரும் மிக மரியாதையாகப் பிரிந்தார்கள். மரியாதையாகப் பிரிந்தவர்களை எந்தக் காரணம் சொல்லிச் சேர்த்துவைப்பது?)

'மனிதன் தனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்பதற்குள் ஆயுள்—'

(இதைப் படித்தால் அத்தை பத்திரிகையை மூடி வைத்துவிடுவார்.)

3

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். கல்லாவில் உட்கார்ந்தது அப்பா. கடையை நடத்தியது அத்தை. வந்தவரை முதலில் உட்காரவைப்பார். விலைப் பேச்சே எடுக்க மாட்டார். உட்கார்ந்தவருடைய குதிகாலை மட்டும் பார்ப்பார். குதிகால் தரையில் படியாமல் தூக்கிக்கொண்டு நின்றால், அந்த மனிதர் முகம் சுளிப்பதற்குள் கொஞ்சம் தாழ்ந்த நாற்காலி ஒன்று பக்கத்தில் வந்து நிற்கும். தன் உடம்புக்கு என்ன வேண்டும் என்று தனக்கு முன்னால் இன்னொருவருக்குத் தெரிந்திருப்பதைக் கண்டு மயங்காதவர்கள் குறைவு.*

விலை படியாமல் எழுந்து போகிறவர்களுக்கென்று கடையில் ஒரு முறை இருந்தது. அதை ஏற்படுத்தியவரும் அத்தைதான். போகிறவரை உடனே கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் விலை அங்கேயே விழுந்துவிடும். நடையைப் பார்க்க வேண்டும். வாங்கும் ஆசை உள்ளவர் வாசலைத் தாண்டியதும் நடையைத் தளர்த்துவார். செருப்பைச் சரிசெய்வார். வெளியில் அடுக்கிய மடக்கு நாற்காலியைத் தொட்டுப் பார்த்து, "இது என்ன விலை?" என்று சம்பந்தமில்லாமல் கேட்பார். கூப்பிடவேண்டிய நேரம் அது. நடை தளராமல் போகிறவர் நிஜமாகவே வேண்டாம் என்று போகிறவர். அவரைக் கூப்பிடுவது நமக்கும் அழகில்லை, அவருக்கும் சங்கடம்.

புதிதாக வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அத்தை இதைத் தெருவில் நடந்தே காட்டுவார். "இது தளர்ற நடை. இது தளராத நடை. எங்க, இப்ப நடக்கறேன், எதுன்னு சொல்லு பாக்கலாம்."

* அப்பாவும் மயங்கியவர்தான் என்று இங்கே எழுதியிருந்தேன். தங்கையைப் பற்றிய பெருமைக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை. பெருமை என்றே எழுதலாம். ஆனால் அவர் அதை ஒருநாளும் சொன்னதில்லையே. சொல்லாத பெருமையை நான் எந்தக் கணக்கில் எழுதுவது?

4

நடந்தது இவ்வளவுதான். ஒரு பள்ளிக்கூடத்துக்காரர் மொத்தமாக நாற்காலி எடுக்க வந்தார். அத்தை உட்காரவைத்து, பேசி, முடித்தார். புறப்படும்போது அவர் அப்பாவிடம் கேட்டார்: "இந்த அம்மா யாருங்க, பார்ட்னரா?"

"தங்கச்சிங்க. சும்மா ஒத்தாசைக்கு இருக்கா," என்றார் அப்பா.

அப்பாவுக்காக ஒரு வார்த்தை. வெளியாளிடம் கடையைப் பற்றி எதையும் உள்ளபடி சொல்லாதது எங்கள் தொழிலில் பல் தேய்ப்பது மாதிரி ஒரு பழக்கம். வியாபாரம் அமோகமாக நடந்தால் ஏதோ ஓடுது என்போம். அத்தையும் அதே பழக்கத்தில் ஊறியவர். ஆனாலும் அன்று அந்தச் சொல் அவர் மேல் போய் விழுந்துவிட்டது. தன்னையும் சரக்கு மாதிரிக் குறைத்துச் சொல்வார் அண்ணன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் காலை அத்தை நாற்காலிகளுக்குத் தூசி தட்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

"அண்ணா, அந்த மெத்தைக் கம்பெனிக்காரர் அவங்க ஊர்க் கடையப் பாத்துக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருக்காரு."

"நல்ல எடமா?"

"நல்ல எடம்தான்."

"தங்கறதுக்கு?"

"மாடியிலயே ரூம் இருக்காம்."

"அப்ப நல்லதுதான்."

"போகட்டுமா?"

"உனக்கு எது தோதோ."

(வியாபாரக் குடும்பத்தில் பிறக்காதவர்களுக்காக இந்தப் பேச்சைப் பிரித்துத் தருகிறேன். 'கேட்டுக்கிட்டே இருக்காரு' என்றால், எனக்கு வெளியில் கிராக்கி இருக்கிறது, நீ என்ன சொல்கிறாய். 'நல்ல எடமா' என்றால், என் வாயிலிருந்து முதலில் வரவழைக்கப் பார்க்காதே. 'போகட்டுமா' என்றால், போகாதே என்று சொல். 'உனக்கு எது தோதோ' என்றால், போகாதே.)

அந்த வாரக் கடைசியில் அத்தை ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடையிலிருந்து இறங்கி, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். அப்பா வாசலில் நின்றார். அத்தையின் நடை தளரவில்லை. அப்பா கூப்பிடவில்லை.

5

இந்த இடத்தில் எனக்கு என் பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வருகிறது. முன்பின் தெரியாத ஆளைத் தெருமுனையிலிருந்து திருப்பிக் கொண்டுவருகிறவர், கூடப் பிறந்தவளைக் கூப்பிட மாட்டாரா? வாசகர் நம்புவாரா? அப்பாவையே கேட்டேன்.

"அவ நடை தளரவே இல்லம்மா. அவ நடை எனக்குத் தெரியாதா? நிஜமாப் போறவளைக் கூப்பிட்டு எதுக்குச் சங்கடப்படுத்தறதுன்னு விட்டுட்டேன்."

அத்தையிடம் போனில் கேட்டேன்.

"தளத்தியிருந்தா பேரம் பேசறேன்னு நெனச்சிருவாருடி. அவருகிட்டயே அந்த வித்தையக் காட்டுவேனா? நான் நிஜமாத்தான் வருத்தப்பட்டேன், அது அவருக்குத் தெரியணும்னு நேரா நடந்தேன். காது மட்டும் பின்னாலயே இருந்துச்சு."

இரண்டு பக்கத்தையும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "ரெண்டு பேருமே ஏமாறல. கெட்டிக்காரங்க," என்றார்.

நடக்காத ஒரு காரியம் இருக்கிறது என்று சொல்லலாமா? படித்தவர்கள் கூடாது என்பார்கள். வந்து எங்கள் வீட்டைப் பார்க்கட்டும். உறவினர் கல்யாணங்களில் அப்பாவும் அத்தையும் எதிரெதிரே உட்காருவார்கள். "வியாபாரம் எப்படி?" "பரவாயில்ல. உங்களுக்கு?" "ஏதோ ஓடுது." அந்த இரண்டு பேருக்கும் நடுவில், கூப்பிடாத அந்தக் கூப்பாடு கால் நீட்டி உட்கார்ந்திருக்கும். அதை இடிக்காமல் நாங்கள் சுற்றிக்கொண்டு போவோம். இடத்தை அடைத்துக்கொண்டு, நம்மைச் சுற்றிப் போகவைக்கிற ஒன்றை இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

6

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், அத்தை மெத்தைக் கடையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். மாடி அறையைக் காலிசெய்ய வேண்டும். வயதானவர்களுக்கான குடியிருப்பு ஒன்றில் இடம் சொல்லி வைத்திருக்கிறார். இந்த மாதம் கையெழுத்துப் போட்டால் மிச்சக் காலமும் அங்கேதான். போன் செய்தார்.

"எடம் எப்படி இருக்கு அத்தை?"

"சுத்தமா வச்சிருக்காங்க. நாற்காலிங்கதான் மட்டம். எவனோ ஏமாத்தி வித்திருக்கான்."

"அப்பாவா இருக்கும்."

"உங்கப்பாவா? அவரு ஏமாத்தினா தெரியாது. இது தெரியுது." சிரித்தார். பிறகு, "ஏண்டி, நம்ம வீட்டுப் பின்னறைல இப்ப என்ன போட்டு வச்சிருக்கீங்க?"

"பழைய சரக்கு. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன். நான் கேட்டதா அண்ணாகிட்டச் சொல்லாத."

மடக்கு நாற்காலியைத் தொட்டு விலை கேட்பதுதான் இது. இவ்வளவு காலத்துக்குப் பிறகு அத்தையின் நடை தளர்ந்திருக்கிறது. பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை. பார்த்த என் வாய் கட்டப்பட்டிருக்கிறது.

இந்தப் பக்கம், அப்பா ஒரு வாரமாகப் பின்னறையை ஒழித்துக்கொண்டிருக்கிறார். என்னப்பா என்றால் கரையான் என்கிறார். கரையானுக்கு யாராவது சுவருக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்குப் புதுத் திரை போடுவார்களா?

"நீங்களே கூப்பிட்டுக் கேளுங்களேன்ப்பா."

"கேட்டு, அவ மாட்டேன்னு சொல்லிட்டா?"

"சொல்லட்டுமே."

"அவளுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். நீ கதையில கூப்பிடு. படிச்சுட்டு வந்தா வரட்டும். வராட்டி கதைதான."

நஷ்டமே வராத வியாபாரம். அவர் ஆயுளில் பேசிய பேரங்களிலேயே இதுதான் கெட்டிக்காரத்தனமானது. இதுதான் பரிதாபமானதும்.

7

முடிவு ஒன்று (அப்பா கேட்டது):

'அத்தை பஸ் நிறுத்தத்தை நெருங்கும்போது அப்பா வாசலிலிருந்து கூப்பிட்டார். தெருவே திரும்பியது. அத்தை திரும்பாமல் நின்றார். "என்ன?" என்றார். "போகாத," என்றார் அப்பா. "ஏன்?" என்றார் அத்தை. அப்பா—'

(இங்கே நின்றுவிட்டது. அத்தை 'ஏன்' என்று கேட்காமல் திரும்பி வருவதாக எழுதினால் அது அத்தை இல்லை. அப்பா என்ன பதில் சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியாது.)

முடிவு இரண்டு: அத்தை குடியிருப்பில் கையெழுத்துப் போடுகிறார். அப்பா நல்ல நாற்காலி ஒன்றை வண்டியில் ஏற்றி அனுப்புகிறார். "நல்லா இருக்கு" என்று ஒரு போன். "அப்படியா, சந்தோஷம்" என்று ஒரு பதில். பின்னறையில் மறுபடியும் பழைய சரக்கு ஏறுகிறது. (நான் சும்மா இருந்தால் நடக்கப்போவது இதுதான்.)

முடிவு மூன்று: இரண்டு பேரில் ஒருவர் இறந்துபோகிறார். (கதை நன்றாக விலைபோகும், தெரியும். இரண்டு பேருமே எனக்கு வேண்டியவர்கள். அந்த விலைக்குக் கொடுப்பதற்கில்லை.)

8

முதல் முடிவை அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உதடு அசைய, இரண்டு முறை படித்தார்.

"இது வேணாம்," என்றார்.

"நீங்க கேட்டதுதானப்பா."

"கேட்டேன். படிச்சா பொய்யா இருக்கு."

தேக்கு தேக்கு என்று சொல்லி எத்தனையோ மரத்தை விற்ற மனிதர். இந்த ஒரு பொய்யை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை.

"பொய்தான். கதைப்பா."

"அவளுக்குத் தெரியும்ல நான் கூப்பிடலன்னு. கூப்பிட்டதா நீ எழுதிட்டா, கூப்பிடாம நின்னதும் இல்லன்னு ஆயிடும். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மிச்சம் இருக்கறதே அது ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டா பொதுவா என்ன இருக்கு?"

தத்துவத்துக்கு நான் வாங்கிய பட்டம் சுவரில் தொங்குகிறது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்து அவர் இதைச் சொன்னார்.

"அப்ப என்ன எழுதட்டும்?"

"கூப்பிடலன்னே எழுது. பாத்துக்கிட்டு நின்னேன்னு எழுது. பஸ் போனப்புறமும் நின்னேன். ஒருத்தர் வந்து, 'என்னங்க, கடை தொறந்திருக்கா இல்லையா'ன்னு கேட்டாரு. எனக்குப் பதில் தெரியல." கண்ணாடியைக் கழற்றினார். "இதையும் எழுதாத. விடு."

எழுதிவிட்டேன். தரகு பார்க்கிறவர் செய்யவே கூடாத காரியம் இது: அவர் சொல்லாதே என்றதை இவரிடமும், இவர் விடு என்றதை அவரிடமும், இரண்டு பேருடைய அடிவிலையையும் அச்சில் போட்டுக் காட்டிவிட்டேன். இனி எங்கள் குடும்பத்தில் என்னை நம்பி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அத்தை வந்தாலும் போன வருடங்கள் போனவைதான். அவற்றுக்குத் தள்ளுபடி கிடையாது. அப்பா தனியாகக் கடை திறந்த காலைகள் அப்படியே இருக்கும். அத்தை தனியாக மாடி ஏறிய மாலைகளும் இருக்கும். நான் எந்த முடிவை எழுதினாலும் அதில் ஒன்றுகூடக் குறையாது.

மற்ற வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கதைக்கு முடிவு இல்லை. இருந்தால் அது ஒருவர் கையில்தான் இருக்கிறது.

அத்தை, நீளம் அதிகம் என்பீர்கள். குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கீழே இருக்கும் கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். முதல் முடிவைப் படித்த அன்று எழுந்து போகும்போது, கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு அப்பா சொல்ல ஆரம்பித்தது அது. மீதியைச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. விட்ட வாக்கியங்களை முடித்துக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. இதைத் தொட எனக்குக் கை வரவில்லை. மீதி என்னவென்று நீங்கள்தான் அவரைக் கேட்க வேண்டும். போனில் கேட்டால் வியாபாரம் எப்படி என்று பேச்சை மாற்றிவிடுவார். நேரில் வந்து கேளுங்கள்.

"அவ மட்டும் இங்க இருந்திருந்தா