பனிமலையில் தாய்மாமன்

1
இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு கல்யாண வீடியோவில். அதில் தாய்மாமனுக்குத் தலை இருக்கிறது, கைகள் இருக்கின்றன, வேட்டி இருக்கிறது. நடுவில் ஆள் இல்லை. சிரித்து முடித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தொடக்கம் ஒன்று: ‘இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு, வாழவந்தி நாட்டை மூடுபனி போர்த்தியிருந்த ஒரு...’ வேண்டாம். கொல்லிமலை என்றாலே மூடுபனியா?

தொடக்கம் இரண்டு: மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் வீடியோ கடை வைத்திருக்கும் ஷாகிர் கம்ப்யூட்டர் வாங்கினான். எடிட்டிங் சாஃப்ட்வேரைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. மலைமேல் இருசாயியின் மகள் சுமதிக்கு எடுத்த கல்யாண வீடியோவிலேயே கற்றுக்கொள்ளத் துணிந்தான். (பழகுவதற்கு ஊரான் கல்யாணம்தான் கிடைத்ததா என்று கேட்காதீர்கள். நானும் ஊரான் கல்யாணத்தில்தான் கதை எழுதப் பழகுகிறேன்.)

2
சுமதி கேட்டது ஒன்றே ஒன்று.

“பின்னால பனிமலை வரோணுங்கண்ணா.”

பிறந்ததிலிருந்து மலைமேல் இருப்பவள்!

மேடைக்குப் பின்னால் கட்டியிருந்தது நீலத் துணி. நீலத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு படம் வைக்க வழி இருப்பதை ஷாகிர் கண்டுபிடித்தான். துணி போனது, பனிமலை வந்தது. துள்ளிக் குதித்தான். கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று பழைய காட்சிகளையெல்லாம் அழித்தான். கல்யாணம் இருந்த கேமரா கேசட்டில் அதற்குள் அதன்மேலேயே வாசலூர்பட்டிப் படகு சவாரியைப் பிடித்தாயிற்று.

பிறகுதான் முழுசாகப் பார்த்தான். தாய்மாமன் சென்றாயன் அன்று போட்டிருந்ததும் நீலச் சட்டை.

3
இங்கே ஓர் அடிக்குறிப்பு தேவை. சென்றாயன் தங்கை இருசாயியோடு பல வருஷம் பேசாமல் இருந்தவர். காரணம் ஒரு பலாமரம். அவர் மாமன் சீரோடு வந்து நின்றதை இருசாயியால் இன்னும் நம்ப முடியவில்லை. அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கத்தான் அவளுக்கு வீடியோவே. அவர் மறுபடி கோபித்துக்கொண்டால் இன்னும் எத்தனை வருஷமோ.

“எங்கண்ணன் சீர் கொண்டாந்தது நல்லாத் தெரியுதா, சாமி?”

“தட்டு நல்லாத் தெரியுதுங்கக்கா” என்றான் ஷாகிர்.

[மாப்பிள்ளை விமல்ராஜுக்கு இங்கே ஒரு வசனம் இருந்தது. கதைக்கு உதவவில்லை, ஆளையே எடுத்துவிட்டேன். ஷாகிரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?]

4
ஷாகிர் ஓட்டையை மறைக்கப் பார்த்தான். ரோஜா இதழ் கொட்டினான். இருந்த தலையும் மறைந்தது. பனிமலைக்குப் பதில் படகு சவாரியை வைத்தான். மாமன் வயிற்றுக்குள் ஒரு குடும்பம் துடுப்புப் போட்டது. பயந்துபோய்ப் பனிமலையையே திரும்ப வைத்து, சிடியோடு பஸ் ஏறினான்.

5
இருசாயி வீட்டில் சொந்தமெல்லாம் டிவி முன்னால். சென்றாயனுக்கு மட்டும் நாற்காலி. திரையில் பனிமலை மேல் ஒரு தலை வருகிறது, கீழே ஒரு வேட்டி, நடுவில் மிதந்துவரும் சீர்த்தட்டு.

முடிவு ஒன்று: அவர் சிரித்துவிடுகிறார். [எனக்கு ஆசைதான். ஆனால் ஒரு பலாமரத்துக்கே பேச்சை விட்டவர்.]

முடிவு இரண்டு: “வரச் சொல்லிப்போட்டு ஆளையே இல்லாமப் பண்ணிப்போட்டீங்களே” என்று அவர்...

இருசாயியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

சென்றாயன் எழுந்துவிட்டார். டிவி இருப்பது வாசற்படிக்குப் பக்கத்தில். கிட்டத்தில் போய்ப் பார்க்கப் போகிறாரா, வெளியே போகப் போகிறாரா, தெரியவில்லை.

“அண்ணா...” என்கிறாள் இருசாயி. அதற்கு மேல் வரவில்லை.

அவளுக்கு ஒரு வாக்கியம் வேண்டும். தெரிந்ததையெல்லாம் எழுதி எழுதி அடித்துவிட்டேன். பேசாமல் போன அண்ணனோ தங்கையோ உங்களுக்கு இருந்தால் அந்த வாக்கியம் உங்களிடம் இருக்கும். சீக்கிரம் சொல்லுங்கள். அவர் கால் செருப்பைத் தேடுகிறது.